ஏச்சும் சாபமும்: நாவு ஏன் வரம்பு மீறுகிறது?

மனிதன் ஏன் ஏசுகிறான்? ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (கி.பி. 1058–1111) தமது இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலில் நாவின் ஆபத்துகளுக்கென்றே தனி ஒரு பாடத்தை அமைத்து, இருபது ஆபத்துகளை எண்ணிக் காட்டுகிறார்கள். கெட்ட பேச்சும் ஏச்சும் அவற்றுள் ஒன்று. சாபமிடுதல் இன்னொன்று. ஏச்சுக்குக் காரணம் இரண்டு என்கிறார்கள் இமாமவர்கள். ஒன்று, எதிரில் இருப்பவனை நோவினை செய்ய வேண்டும் என்ற எண்ணம். மற்றது, தீயவர்களுடனும் இழிகுணத்தோருடனும் பழகியதால் நாவில் ஒட்டிக்கொண்ட வழக்கம். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்விரு காரணங்களையும் வைத்துக்கொண்டு நம் தெருவில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும், காதில் விழும் ஏச்சுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றில் அடங்கிவிடுவதைக் காணலாம்.

இக்காலத்து மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது திடீரென வரும் வலி. 2009-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் 67 மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். உறைய வைக்கும் குளிர்ந்த நீரில் கையை வைத்துக்கொண்டு ஒரு முறை ஏச்சுச் சொல்லையும், இன்னொரு முறை சாதாரணச் சொல் ஒன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தார்கள். ஏசியபோது மாணவர்களால் அதிக நேரம் கையை நீரில் வைத்திருக்க முடிந்தது. இதைக் கேட்டவுடன், “பார்த்தீர்களா, ஏசுவதும் ஒரு மருந்துதான்” என்று சிலர் துள்ளக் கூடும். ஆனால் அதே ஸ்டீஃபன்ஸ் இன்னொருவருடன் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாள்தோறும் அதிகமாக ஏசிப் பழகியவர்களுக்கு அந்தப் பயன் குறைந்துவிடுகிறது என்று அதில் கண்டார்கள்.

இன்னொரு செய்தி நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. 1861-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ப்ரோகா என்ற மருத்துவரிடம் பேசும் சக்தியை இழந்த நோயாளி ஒருவர் கொண்டு வரப்பட்டார். அவருடைய வாயிலிருந்து “டான்” என்ற ஓர் ஓசையைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. ஆனால் அவருக்குக் கோபம் வந்தால் மட்டும் இறைவன் பெயரை இழுத்து ஏசும் பிரெஞ்சு வார்த்தை ஒன்று தெளிவாக வெளிவந்ததாம்! மூளையின் இடப்பக்கம் சிதைந்து, தண்ணீர் வேண்டும் என்று கேட்கும் வார்த்தைகூட அழிந்துபோன பிறகும், பழகிய ஏச்சு அழியாமல் தங்கிவிட்டது. இத்தகைய நோயாளிகள் சிலரிடம் மனப்பாடமாக ஓதிவந்த பிரார்த்தனைகளும் அவ்வாறே தங்கிவிடுவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இமாமவர்கள் சொன்ன இரண்டாவது காரணத்திற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அறிவு அசந்திருக்கும் நேரத்தில், நாவு தன்னிடம் சேர்த்து வைத்திருப்பதையே எடுத்து வெளியே போடுகிறது. கல் தடுக்கியவுடன் ஒருவன் “யா அல்லாஹ்” என்கிறான். ஒருவன் அச்சில் ஏற்ற முடியாததைச் சொல்கிறான். வலி இருவருக்கும் ஒன்றுதான். நம்மவர்களில் பலர் இடறி விழுந்தவுடன் “உம்மா” என்றே அலறுகிறார்கள். எழுந்து நின்ற அடுத்த நிமிடம், கல்லைப் போட்டவனுடைய உம்மாவை ஏசுகிறார்கள்!

நாட்டுக்கு நாடு

எது ஏச்சு என்பது ஊர் வழக்கத்தைப் பொறுத்தும் மாறும் என்று இமாம் கஸ்ஸாலி அவர்கள் அந்தப் பாடத்திலேயே ஒரு வரியில் குறிப்பிட்டுச் செல்கிறார்கள். அந்த ஒரு வரியை விரித்தால் எத்தனையோ விந்தைகள் தென்படுகின்றன.

கனடா நாட்டில் கியூபெக் என்னும் மாநிலம் உண்டு. அங்கே பிரெஞ்சு மொழி பேசும் மக்களின் கடுமையான ஏச்சுச் சொற்கள் எவை தெரியுமா? மாதா கோயிலில் உள்ள பொருள்களின் பெயர்கள்! அப்பம் வைக்கும் பேழை, திராட்சை ரசக் கிண்ணம், வழிபாட்டில் வழங்கும் அப்பம் இவற்றின் பெயர்களையே அங்கே கோபத்தில் வீசுகிறார்கள். 1960-களுக்கு முன்பு வரை கத்தோலிக்கத் திருச்சபை அந்த மக்களின் வாழ்வு முழுவதையும் தன் பிடியில் வைத்திருந்தது. எதற்கு மிகவும் அஞ்சினார்களோ அதையே ஏச்சாக்கிக் கொண்டார்கள்.

ஹாலந்து நாட்டவர் நோய்களைக் கொண்டு ஏசுகிறார்கள். காசநோய், டைஃபாய்டு, பிளேக், அம்மை, இன்று புற்றுநோயும் அவர்களுக்கு ஏச்சுச் சொற்களே. போலந்துக்காரர்களுக்குக் காலராவும், நாயின் இரத்தமும். இதைப் படித்தபோது உம்முஸ் ஸாயிப் (ரலி) என்னும் ஸஹாபிப் பெண்மணியின் நினைவு நமக்கு வந்தது. காய்ச்சலில் நடுங்கிக் கொண்டிருந்த அவர்கள், அதற்கு அல்லாஹ் பரக்கத் செய்யாதிருக்கட்டும் என்று கூறியபோது, காய்ச்சலை ஏச வேண்டாம், கொல்லனின் துருத்தி இரும்பின் கசடை நீக்குவதுபோல் அது மனிதனின் பாவங்களை நீக்குகிறது என்ற கருத்துப்பட ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ். நோயைக் கொண்டு மனிதனை ஏசுவது எங்கே, நோயையே ஏசக் கூடாது என்ற போதனை எங்கே!

ஜப்பானியரிடம் இழிசொற்கள் குறைவு என்பார்கள். அவர்கள் எதிரில் நிற்பவனை அழைக்கும் முறையிலேயே ஏச்சை வைத்துவிட்டார்கள். ‘கிஸாமா’ என்ற சொல் ஒரு காலத்தில் மரியாதைக்குரிய விளியாக இருந்து, இன்று சண்டைக்கு இழுக்கும் சொல்லாகிவிட்டது. தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. “அவன் என்னை டா போட்டுப் பேசினான்” என்று ஒருவர் பஞ்சாயத்துக்கு வந்தால், அதற்குமேல் என்ன சொன்னான் என்று நாம் கேட்பதே இல்லை. அதே ‘டா’ நண்பர்களுக்குள் அன்புச் சொல். அரபு நாட்டவருக்கு இந்த வேறுபாட்டைப் புரிய வைப்பதற்குள் நமக்கு வாய் வலித்துவிடும்.

ஆங்கிலேயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்களான அவர்கள் பல நூற்றாண்டுகளாக வியப்பிலும் எரிச்சலிலும் ‘ஜோவ்’ என்னும் பழைய ரோமானியத் தெய்வத்தின் பெயரைச் சொல்லி வந்தார்கள். தெய்வத்தை விட்டார்கள், அதன் பெயரை நாவு விடவில்லை. இதைக் கேட்டு நாம் சிரிப்பதற்கு முன் நம் வீட்டுக்குள் திரும்பிப் பார்ப்போம். பாலைத் தட்டிவிட்ட பிள்ளையைப் பார்த்து நம் தாய்மார்கள் என்ன சொல்கிறார்கள்? “சனியனே!” சோம்பிக் கிடக்கும் மகளை? “மூதேவி!” சனி ஒரு கிரகம். அது பிடித்தால் கேடு வரும் என்பது பிறருடைய நம்பிக்கை. மூதேவியும் அப்படியே. ஐந்து வேளை கலிமாவை மொழியும் நாவு, தான் நம்பாத ஒன்றின் பெயரால் தன் பிள்ளையை அழைக்கிறது.

இந்த நிலை ஸஹாபாக்களின் காலத்திலும் இருந்தது. இஸ்லாத்தில் புதிதாக நுழைந்தவர்களின் நாவுகள் லாத், உஸ்ஸா என்ற பழைய சிலைகளின் பெயர்களால் சத்தியம் செய்து பழகியவை. பேச்சின் வேகத்தில் அப்பெயர்கள் வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் உடனே லா இலாஹ இல்லல்லாஹ் என்று சொல்லட்டும் என்ற கருத்துப்பட அண்ணலார் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். பழைய வழக்கத்தின் இடத்தில் புதிய வழக்கத்தை வைப்பதுதான் அந்த மருத்துவம். வாயை மூடு என்று மட்டும் சொன்னால் நாவுக்குப் போக்கிடம் இருக்காது.

கியூபெக் மக்களைப் பார்த்து வியந்தோமே, அதே நோய் நமக்கும் உண்டு. ஹராம் என்பது ஷரீஅத்தின் சொல். அதிலிருந்து ‘ஹராமி’யைச் செய்துகொண்டோம். முஸீபத்து, பலாய், இப்லீஸ், முனாஃபிக் என்று ஓதும் கிதாபுகளில் உள்ளவற்றையெல்லாம் அடுப்பங்கரைக்கும் கடைத்தெருவுக்கும் கொண்டுவந்து ஏச்சாக்கிவிட்டோம். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிலர் மார்க்கச் சச்சரவில் ஒருவரையொருவர் ‘காஃபிர்’ என்று கூசாமல் சொல்கிறார்கள். தன் சகோதரனை அவ்வாறு சொன்னால் இருவரில் ஒருவரிடம் அது வந்து சேரும் என்ற எச்சரிக்கை புகாரி ஷரீஃபில் இருப்பதை அவர்களும் ஓதித்தான் இருக்கிறார்கள்.

சொல்லில் சாபம், மனதில் இல்லை

அரபு ஓதும் மாணவர்கள் ஹதீஸ் பாடத்தில் ஓரிடத்தில் திகைத்து நிற்பது வழக்கம். ஹழ்ரத் முஆத் (ரலி) அவர்களுக்கு நாவைப் பேணும்படி ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் போதிக்கிறார்கள். நாம் பேசுவதற்குமா பிடிக்கப்படுவோம் என்று முஆத் (ரலி) வியந்து கேட்கிறார்கள். மனிதர்கள் நரகில் முகங்குப்புறத் தள்ளப்படுவது அவர்களுடைய நாவுகளின் அறுவடையால்தானே என்ற கருத்துள்ள பதில் வருகிறது. ஆனால் அப்பதிலின் தொடக்கத்தில் ‘தகிலத்க உம்முக’ என்று ஒரு சொல் இருக்கிறது. உன்னை உன் தாய் இழக்கட்டும் என்பது அதன் நேர்ப்பொருள்! நாவைக் காக்கச் சொல்லும் ஹதீஸிலேயே இப்படியொரு சொல்லா?

அரபுகளிடம் இத்தகைய வழக்குகள் பல இருந்தன. ‘தரிபத் யமீனுக’ என்றால் உன் கையில் மண் ஒட்டட்டும், அதாவது நீ ஏழையாகிப் போ என்பது நேர்ப்பொருள். வியப்பு வந்தாலும், பாராட்டினாலும், இலேசாகக் கண்டித்தாலும் இவற்றைச் சொல்வார்கள். இவற்றின் நேர்ப்பொருளை அரபுகள் நாடுவதில்லை, இவை பேச்சின் பழக்கம் மட்டுமே என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் விளக்குகிறார்கள். நம் கிராமத்துப் பாட்டிமார்கள் பேரனைக் கட்டிக்கொண்டு, “கட்டையில போறவனே, எவ்வளவு பெரிசா வளர்ந்துட்டே!” என்று முத்தமிடுவதில்லையா? அதைப் போன்றதே இது.

இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு, “நாங்களும் மனதில் வைத்துச் சொல்வதில்லையே, கோபத்தில் வாயில் வருகிறது” என்று பெற்றோர்கள் சொல்லலாம். அவர்களுக்காகவே அதே முஸ்லிம் ஷரீஃபில் உள்ள ஒரு நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறோம்.

உம்மு ஸுலைம் (ரலி) அவர்களிடம் ஓர் அநாதைச் சிறுமி வளர்ந்து வந்தாள். ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் ஒருநாள் அவளைப் பார்த்து, அவள் வளர்ந்துவிட்டதை வியந்து, உன் வயது கூடாதிருக்கட்டும் என்ற கருத்தில் அரபு வழக்கப்படி ஒரு சொல் சொன்னார்கள். சிறுமி அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள். என்ன மகளே என்று கேட்ட உம்மு ஸுலைமிடம், அல்லாஹ்வின் நபி எனக்கெதிராக துஆச் செய்துவிட்டார்கள், இனி எனக்கு வயது கூடவே கூடாது என்று தேம்பினாள். உம்மு ஸுலைம் (ரலி) முந்தானையை அவசரமாகச் சுற்றிக்கொண்டு நபியவர்களிடம் விரைந்தார்கள். ‘என் அநாதைப் பெண்ணுக்கு எதிராகவா துஆச் செய்தீர்கள்?’ என்று நேரிலேயே கேட்டுவிட்டார்கள். அண்ணலார் (ஸல்) சிரித்தார்கள். பிறகு, தாம் மனிதரே என்றும், தம் உம்மத்தில் தகுதியற்ற ஒருவருக்கெதிராகத் தாம் ஏதும் கூறிவிட்டால் அதை அவருக்குத் தூய்மையாகவும் நெருக்கமாகவும் ஆக்கும்படி தம் இறைவனிடம் நிபந்தனை செய்திருப்பதாகவும் கூறினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தச் சிறுமியின் அழுகையை. அரபு அவளுடைய தாய்மொழி. அந்த வழக்கு ஊரில் எல்லோரும் சொல்வது. ஆயினும் சிறுபிள்ளை அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டது. நபியின் நாவிலிருந்து வந்ததால் பலித்தே தீரும் என்றும் நம்பியது. நம் பிள்ளைகளுக்கு நம் நாவுதான் முதலில் கேட்கும் மார்க்கம். “நீ உருப்பட மாட்டே” என்பதைப் பத்து வயதுப் பையன் பேச்சு வழக்காக எடுத்துக்கொள்வதில்லை. தன்னைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொள்கிறான். நபியவர்களுக்கு இருந்த அந்த நிபந்தனை நம்மில் எவருக்கும் இல்லை. நம் சொல் சொன்னபடியே ஏறிச் செல்லும்.

அது எங்கே செல்கிறது என்பதையும் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் கூறுகிறது. சாபம் வானத்திற்கு ஏறுகிறது, வாசல்கள் அடைக்கப்படுகின்றன. பூமிக்கு இறங்குகிறது, அங்கும் அடைப்பு. வலமும் இடமும் அலைகிறது. சபிக்கப்பட்டவன் அதற்குத் தகுதியானவனாக இருந்தால் அவனிடம் சேர்கிறது. இல்லையென்றால் சொன்னவரிடமே திரும்பி வருகிறது.

ஒரு பிரயாணத்தில் அன்ஸாரிப் பெண்மணி ஒருவர், தாம் ஏறியிருந்த ஒட்டகம் சண்டித்தனம் செய்ததால் அதைச் சபித்துவிட்டார். செவியுற்ற ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள், அதன் மீதிருந்த சுமைகளை இறக்கிவிட்டு அதை அவிழ்த்துவிடச் சொன்னார்கள், அது சபிக்கப்பட்டது என்று. அந்த ஒட்டகம் மக்களுக்கிடையே நடந்து திரிந்ததையும், எவரும் அதை நெருங்காததையும் இன்றும் காண்பது போலிருக்கிறது என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்கள். பாலைவனத்தில் ஒட்டகத்தின் விலை என்னவென்று அறிந்தவர்களுக்கு இதன் கடுமை விளங்கும். மற்றொரு ஸஹாபி இவ்வாறே தம் ஒட்டகத்தைச் சபித்தபோதுதான், உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உங்கள் பொருள்களுக்கும் எதிராக துஆச் செய்யாதீர்கள், கேட்டது கொடுக்கப்படும் நேரத்தோடு அது பொருந்திவிடக் கூடும் என்ற கருத்துள்ள எச்சரிக்கை வந்தது.

தாயின் துஆ பற்றிய ஜுரைஜின் வரலாற்றைப் பலரும் பயானில் கேட்டிருப்பீர்கள். பனூ இஸ்ராயீலில் வணக்கசாலியாக இருந்தவர். தொழுது கொண்டிருக்கையில் தாய் அழைத்தாள். தொழுகையா, தாயா என்று யோசித்துத் தொழுகையிலேயே நின்றுவிட்டார். மனம் நொந்த தாய், இவன் கெட்ட பெண்களின் முகத்தைக் காணாமல் மௌத்தாகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அது நடந்தது. ஒரு பெண் இடையனுடன் கூடிப் பெற்ற பிள்ளையை ஜுரைஜின் பிள்ளை என்றாள். மக்கள் அவருடைய மடத்தை இடித்தார்கள், அவரை இறக்கி ஏசினார்கள். தொட்டில் குழந்தையைப் பேச வைத்து அல்லாஹ் அவரைக் காத்தான். பயான் செய்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் பாடமாகவே இதைச் சொல்கிறார்கள். தாய்க்குள்ள பாடத்தை ஏனோ விட்டுவிடுகிறார்கள். அந்தத் தாய் அன்று ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் மகனுக்கு அந்த அவமானம் இல்லை. அவளுடைய மகன் செய்த குற்றம்தான் என்ன, தொழுதது!

தொழாத மகனுக்கும், குடிக்கும் மகனுக்கும் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை மீண்டும் கொண்டு வந்தபோது, கூட்டத்தில் ஒருவர், எத்தனை தடவைதான் இவனைக் கொண்டு வருவது என்று சொல்லிச் சபித்தார். சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவனுடைய ரஸூலையும் நேசிப்பவர் என்ற கருத்தில் நபியவர்கள் தடுத்தார்கள். தண்டனையை நிறுத்தவில்லை, சாபத்தை நிறுத்தினார்கள்.

அடுத்தவன் தாய்

உலகில் எத்தனையோ சமூகங்கள் எதிரியை ஏச அவன் தாயைத் தேடிச் செல்கின்றன. அரபுகளும் அப்படியே, தமிழர்களும் அப்படியே. தாய்க்கு எங்கே மரியாதை அதிகமோ அங்கே அந்த ஏச்சுக்கும் கூர்மை அதிகம். நம் இளைஞர்கள் இன்று கைபேசி விளையாட்டில் முகம் தெரியாதவனிடம்கூட இச்சொற்களைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஒருவனை விபச்சாரியின் மகன் என்று தெளிவாகச் சொல்வது ஷரீஅத்தில் வெறும் ஏச்சு அல்ல. அது அவன் தாயின் மீது சுமத்தப்படும் கத்ஃபு எனும் குற்றச்சாட்டு. நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடியையும், அதன்பின் அவன் சாட்சியம் ஏற்கப்படாது என்பதையும் ஸூரத்துந் நூர் விதிக்கிறது. அத்தண்டனையை நிறைவேற்றுவது இஸ்லாமிய ஆட்சியின் நீதிமன்றம்தான், தனி மனிதர் அல்ல. ஆனால் தண்டனை இல்லாத நாட்டில் பாவமும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

தன் பெற்றோரைத் தானே ஏசுவது பெரும் பாவங்களில் உள்ளது என்று கேட்ட ஸஹாபாக்கள், எவனாவது தன் பெற்றோரை ஏசுவானா என்று வியந்தார்கள். அடுத்தவன் தந்தையை இவன் ஏச, அவன் இவனுடைய தந்தையை ஏசுவான். தாயும் அவ்வாறே என்று பதில் கிடைத்தது. ஹழ்ரத் அபூதர் (ரலி) அவர்களின் செய்தி இன்னும் உருக்கமானது. அவர்கள் ஒருவரை, அரபியல்லாத அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார்கள். உம்மிடம் ஜாஹிலிய்யத் இருக்கிறதே என்ற கருத்தில் நபியவர்கள் கடிந்தார்கள். தாம் உடுத்துவதையே பணியாளருக்கும் உடுத்தச் சொன்னார்கள். பல காலம் கழித்து ரபதா என்ற இடத்தில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்தித்தவர், எஜமானும் அடிமையும் ஒரே விதமான ஆடையில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டபோதுதான் இந்த வரலாறே வெளிவந்தது.

இதற்கு நேர்மாறாக, நல்லோர் நாவு எதையும் மூடிப் பேசும் என்கிறார்கள் இமாம் கஸ்ஸாலி அவர்கள். மலஜலத்தையும் மறைத்தே சொல்ல வேண்டும். உன் மனைவி இப்படிச் சொன்னாள் என்னாமல், வீட்டில் இப்படிச் சொல்லப்பட்டது என்று கூற வேண்டும். மூலநோய், குஷ்டம் உள்ளவனிடம் பெயர் கூறாமல், உங்களுக்குள்ள அந்தச் சுகவீனம் என்று கேட்க வேண்டும். “வீட்டில் சௌக்கியமா?” என்று இன்றும் கேட்கும் நம் பெரியவர்கள் இஹ்யாவை ஓதியவர்கள் அல்லர். ஆனாலும் அந்த அதபு அவர்கள் நாவில் இருக்கிறது.

ஒருவன் ஏசிவிட்டால் திருப்பி ஏசலாமா? ஏச்சின் பாவம் தொடங்கியவன் மீதே, அநீதி இழைக்கப்பட்டவன் வரம்பு மீறாத வரை என்று ஹதீஸில் வருகிறது. அந்த வரம்பை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். அநியாயக்காரனே, மடையனே என்பது போன்ற அளவில் பதில் கூறலாம். பொய்யையோ, கத்ஃபையோ, அவனுடைய முன்னோரை ஏசுவதையோ பதிலாக்கக் கூடாது. பொறுத்துக்கொள்வது அதைவிட மேல். நோன்பாளியை ஒருவன் ஏசினால் நான் நோன்பாளி என்று சொல்லட்டும் என்ற ஹதீஸ் பிரசித்தமானது. அதை நாவால் சொல்வதா, மனதுக்குள் சொல்வதா என்று இமாம்கள் ஆராய்ந்து, இரண்டும் நல்லதே, நாவால் சொல்வது வலுவானது என்று இமாம் நவவீ முடிவு கூறினார்கள்.

கெட்ட வார்த்தை பேசினால் ஒளு முறியுமா என்பது வாசகர்களுக்கு எழக்கூடிய கேள்வி. முறியாது. ஆயினும் புறம், பொய், கெட்ட பேச்சு இவற்றுக்குப் பின் ஒளுவைப் புதுப்பித்துக் கொள்வது ஸுன்னத்து என்று நம் ஷாஃபியீ கிதாபுகளில் உள்ளது. ஹனஃபி மத்ஹபிலும் அது முஸ்தஹப்பே.